எங்கே போயிற்று ஐந்தில் ஒரு பங்கு? – லீசே மைட்னர் அம்மையாரின் வாழ்வும் ஒரு வினாவும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற பருவத்து உள்தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா ஒன்று வந்தது. அணுக்கருப் பிளவில் நிறை எவ்வாறு ஆற்றலாக மாறுகிறது என்று விளக்கச் சொல்லியிருந்தார்கள். பாடநூலில் படித்தவாறே எழுதினேன். யுரேனியம் 235 ஒரு நியூட்ரானை ஏற்கிறது. பேரியம் 144, கிரிப்டான் 89, மூன்று நியூட்ரான்கள் என்று உடைகிறது. சிறிதளவு நிறை மறைந்து ஆற்றலாக வெளிப்படுகிறது என்று முடித்தேன். நேரம் மிச்சமிருந்தது. கை சும்மா இருக்கவில்லை. உடைவதற்கு முன் இருந்த புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் கூட்டிப் பார்த்தேன்: 236. உடைந்த பின் 144, 89, 3. அவற்றையும் கூட்டினேன்: அதே 236! ஒன்று கூடக் குறையவில்லை. அப்படியானால் ஆற்றலாக மாறியது எது? இந்த ஐயத்தை விடையின் அடியில் ஒரே வரியாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

விடைத்தாள் திரும்பி வந்தது. அந்த வரியால் மதிப்பெண் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

அந்தக் குறி என்னை உறங்க விடவில்லை. என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் எழுந்து நின்று ஐயம் கேட்பதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இது கூடத் தெரியாத இவளை இங்கே யார் சேர்த்தது என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம். ஆகவே ஆசிரியரிடம் போகாமல் நூலகத்துக்குப் போனேன். விடையைத் தேடிப் போன எனக்கு அங்கே ஒரு வாழ்க்கை கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூடிய கதவுகள்

1878ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில் பிறந்தவர் லீசே மைட்னர் அம்மையார். தந்தை வழக்கறிஞர். எட்டுக் குழந்தைகளில் மூன்றாமவர். ஐன்ஸ்டைனைவிட நான்கே மாதங்கள் மூத்தவர். வீட்டில் வறுமை இல்லை. நூல்களும் இசையும் நிறைந்திருந்தன. ஆனால் நாட்டின் சட்டம் வேறாக இருந்தது. அந்நாளில் ஆஸ்திரியாவில் பெண்களின் பொதுப் பள்ளிப் படிப்பு 14 வயதோடு முடிந்துவிடும். பல்கலைக்கழகம் ஆண்களுக்கு மட்டுமே. பெண் ஒருத்தி சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டுமானால் ஆசிரியைப் பயிற்சி பெறலாம், அவ்வளவுதான். அம்மையாரும் பிரெஞ்சு மொழி ஆசிரியையாகவே பயிற்சி பெற்றார்.

1897இல் வியன்னாப் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. ஆனால் நுழைவதற்குரிய தேர்வை எழுத, ஆண் பிள்ளைகள் பல ஆண்டுகள் படித்த பாடங்களையெல்லாம் படித்தாக வேண்டும். அம்மையார் தனி ஆசிரியர்களிடம் இரவு பகலாகப் பயின்றார். 1901இல் அவருடன் தேர்வு எழுதிய பெண்கள் மொத்தம் 14 பேர், தேறியவர்கள் நால்வர். அந்நால்வரில் ஒருவராக, ஏறத்தாழ 23 வயதில், பல்கலைக்கழகத்தில் கால் வைத்தார். நம் வயதில் நாம் பட்டம் பெற்று வெளியேறும் காலத்தில்தான் அவர் உள்ளேயே நுழைந்திருக்கிறார்!

அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் லுட்விக் போல்ட்ஸ்மன். வெப்பத்தின் இயல்பை அணுக்களின் ஓட்டத்தால் விளக்கிய பேரறிஞர். அவருடைய விரிவுரைகளைக் கேட்டுக் கேட்டு, இயற்பியல் என்பது இறுதி உண்மையைத் தேடும் போராட்டம் என்ற எண்ணம் அம்மையாரின் உள்ளத்தில் வேரூன்றியது. 1906இல் முனைவர் பட்டம் பெற்றார். வியன்னாவில் இயற்பியலில் அப்பட்டம் பெற்ற இரண்டாவது பெண் அவரே.

தச்சுப் பட்டறையில் ஓர் ஆய்வுக்கூடம்

1907இல் பெர்லினுக்குச் சென்றார். மாக்ஸ் பிளாங்க்கின் விரிவுரைகளைக் கேட்க வேண்டும் என்பது ஆசை. சில பருவங்கள் தங்கித் திரும்பலாம் என்று போனவர் 31 ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். அங்குதான் ஆட்டோ ஹான் என்ற வேதியியல் அறிஞருடன் சேர்ந்து கதிரியக்க ஆய்வைத் தொடங்கினார். ஹான் வேலை செய்த நிறுவனத்தில் பெண்களுக்கு அனுமதி கிடையாது. கீழ்த்தளத்தில் முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த அறை ஒன்றை ஒதுக்கி, அதற்குரிய தனி வாசல் வழியாக மட்டும் வந்து போகலாம் என்றார்கள். மாடியிலுள்ள ஆய்வுக்கூடங்களுக்குள் அவர் போகக் கூடாது. கழிப்பிடத்துக்குக் கூடத் தெருவில் இறங்கி அருகிலிருந்த உணவு விடுதிக்குப் போக வேண்டியிருந்தது. சம்பளமும் இல்லை, தந்தை அனுப்பிய பணத்தில் காலம் தள்ளினார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். வகுப்பில் எழுந்து நிற்க அஞ்சும் நான் எங்கே! வாசலே மறுக்கப்பட்டும் பட்டறையில் உட்கார்ந்து அணுவை ஆராய்ந்த அவர் எங்கே!

1909ஆம் ஆண்டு சால்ஸ்பர்க் நகரில் நடந்த அறிஞர் மாநாட்டில் அம்மையார் ஐன்ஸ்டைனின் உரையைக் கேட்டார். ஆற்றலுக்கு நிறை உண்டு என்ற கருத்து அவ்வுரையில் வந்தது. அது அவருக்கு முற்றிலும் புதிது. வியப்பில் ஆழ்ந்த அவர் முதுமை வரை அந்த நாளை மறக்கவில்லை. அன்று காதில் விழுந்த அந்த விதை முளைக்க 29 ஆண்டுகள் ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1905இல் பெர்ன் நகரின் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டைன், மூன்றே பக்கக் கட்டுரையில்தான் இந்தக் கருத்தை முதலில் வெளியிட்டார். அக்கட்டுரையின் தலைப்பே ஒரு வினா! ஒரு பொருளின் நிலைமம் அதில் அடங்கிய ஆற்றலைப் பொறுத்ததா என்பதே அந்த வினா. ஒரு பொருள் ஒளியை உமிழ்ந்தால், ஆற்றல் எவ்வளவு வெளியேறியதோ அதை ஒளி வேகத்தின் இருமடியால் வகுத்த அளவுக்கு அதன் நிறை குறையும் என்று அதில் காட்டினார். நிறை ஆற்றலாக உருமாறுகிறது என்பதைவிட, நிறை என்பதே உள்ளடங்கிய ஆற்றலின் அளவு என்பதுதான் அதன் சாரம். நாம் மனப்பாடம் செய்யும் சமன்பாடு ஒரு வினாவிலிருந்து பிறந்தது என்பதை அறிந்தபோது என் விடைத்தாளின் கேள்விக்குறி சற்று அச்சம் குறைந்து தெரிந்தது.

உயர்வும் வீழ்ச்சியும்

1912இல் தாலெம் பகுதியில் புதிதாகத் திறந்த கைசர் வில்லெம் வேதியியல் நிறுவனத்துக்கு இருவரும் மாறினர். முதல் உலகப் போர் வந்தது. அம்மையார் ஆஸ்திரியப் படையின் மருத்துவமனையில் எக்ஸ்-கதிர்ப் பணியாளராகச் சேர்ந்து, காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டு செய்தார். திரும்பி வந்து ஹானுடன் புரோடாக்டினியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்தார். 1918இல் அது வெளியாயிற்று.

1922இல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதி பெற்று, விண்வெளி நிகழ்வுகளில் கதிரியக்கத்தின் பங்கு பற்றி முதல் உரை ஆற்றினார். செய்தித்தாள் ஒன்று அதை அழகு சாதனப் பொருள்கள் பற்றிய உரை என்று அச்சிட்டுவிட்டது! பெண் ஒருத்தி விண்வெளி பற்றிப் பேசுவாள் என்று அச்சுக் கோத்தவருக்குத் தோன்றவில்லை போலும். 1926இல் பேராசிரியர் ஆனார். ஜெர்மனியில் இயற்பியல் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவரே.

அவருடைய பணியெல்லாம் ஒரு வகையில் கணக்குச் சரிபார்க்கும் பணியே. பீட்டா கதிர்கள் வெளிவரும்போது ஆற்றலில் ஒரு பங்கு கணக்கில் வராமல் போவதை 1929–30இல் தம் சோதனையாலும் உறுதி செய்தார். ஆற்றல் அழிவின்மை விதியே பொய்யோ என்று நீல்ஸ் போர் போன்றோரும் ஐயுற்ற காலம் அது. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று அந்தப் பங்கை எடுத்துச் செல்கிறது என்று 1930இல் பவுலி கருதினார். நியூட்ரினோ என்று இன்று நாம் படிப்பது அதைத்தான். கணக்கு உதைத்தால் கணக்கை மூடிவிடாதே, எங்கே போயிற்று என்று தேடு என்பது அந்தத் தலைமுறை அறிஞர்களின் பாடம்.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அம்மையார் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையை இழந்தார். ஆஸ்திரியக் குடியுரிமை இருந்ததால் ஆய்வு நிறுவனத்தில் மட்டும் நீடிக்க முடிந்தது. 1934 முதல் ஹான், ஸ்ட்ராஸ்மன் ஆகியோருடன் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கும் ஆய்வில் ஈடுபட்டார். 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. இருந்த ஒரு காப்பும் போயிற்று. அவ்வாண்டு ஜூலை 13ஆம் நாள், டச்சு அறிஞர் கோஸ்டரின் துணையோடு, சிறு பெட்டிகளுடன் ரயிலேறி எல்லையைக் கடந்தார். பையில் இருந்தது 10 மார்க். எல்லையில் தேவைப்பட்டால் கொடுக்கட்டும் என்று ஹான் தம் தாயாரின் வைர மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்திருந்தார். அறுபதை நெருங்கிய வயதில், ஆய்வுக்கூடம், நூல்கள், வீடு எல்லாவற்றையும் விட்டு, ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஏதிலியாக அமர்ந்தார்.

பனியில் போட்ட கணக்கு

1938 டிசம்பரில் ஹானிடமிருந்து கடிதம் வந்தது. யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கியதில் பேரியம் கிடைக்கிறது. இதற்கு விளக்கம் உண்டா என்று கேட்டிருந்தார். யுரேனியம் 92ஆம் தனிமம். பேரியம் 56ஆம் தனிமம். ஒரு சிறு நியூட்ரான் பட்டு அணுக்கரு ஏறத்தாழப் பாதியாக எப்படி உடையும்?

கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக அம்மையார் ஸ்வீடனின் மேற்கிலுள்ள குங்கெல்வ் என்னும் சிற்றூரில் தங்கியிருந்தார். கோபன்ஹேகனில் பணியாற்றிய அவருடைய அக்காள் மகன் ஆட்டோ பிரிஷ் அங்கே வந்து சேர்ந்தார். அவரும் இயற்பியலாளர். அவருடைய தந்தை அப்போது ஜெர்மானியரின் வதை முகாமில் அடைபட்டிருந்தார். அந்த மனநிலையில், வெண்பனியின் மேல், பிரிஷ் பனிச்சறுக்குக் கட்டைகளில் செல்ல, அம்மையார் கால்நடையாகவே ஈடுகொடுத்து நடந்தார். வழியில் கிடந்த மரம் ஒன்றின் மேல் இருவரும் அமர்ந்து, கிடைத்த காகிதத் துண்டுகளில் கணக்குப் போட்டனர்.

அணுக்கருவை ஒரு நீர்த்துளி போல் கருதினார்கள். துளியைச் சிதறாமல் பிடித்து வைப்பது பரப்பு இழுவிசை. ஆனால் யுரேனியத்தில் 92 புரோட்டான்களின் மின்னூட்டம் அந்த இழுவிசையை ஏறக்குறையச் சரிக்கட்டிவிடுகிறது. தளும்பி நிற்கும் அத்துளி நியூட்ரான் ஒன்று சேர்ந்ததும் நீண்டு, இடை மெலிந்து, இரண்டாகிவிடும். பிரிந்த இரு துளிகளும் நேர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று வேகமாக விலக்கித் தள்ளும். அந்த விலக்கலின் ஆற்றலைக் கணக்கிட்டார்கள்: ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்.

இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வந்தது? அப்போதுதான் சால்ஸ்பர்க் விதை முளைத்தது. அணுக்கருக்களின் நிறையைக் கணக்கிடும் வாய்பாடு அம்மையாருக்கு நினைவில் இருந்தது. பிளந்த இரு கருக்களின் மொத்த நிறை, பழைய கருவின் நிறையைவிட ஒரு புரோட்டானின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று கண்டார். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் அதை இட்டபோது வந்த விடையும் அதே 200!

தோழர்களே, இந்த இடத்தில்தான் என் ஐயத்துக்கு விளக்கு ஏறியது. அம்மையார் போட்டவை இரண்டு கணக்குகள். ஒன்று, மின் விலக்கலைக் கொண்டு ஆற்றலை நேரே அளந்தது. மற்றொன்று, நிறையைக் கொண்டு அளந்தது. இரண்டும் ஒன்றாக வந்தன. அப்படியானால் புரோட்டான் எதுவும் கரைந்து ஆற்றலாகவில்லை. ஆற்றல் முன்பே அந்தக் கருவினுள் இருந்தது. நெருக்கி அடைத்த மின்னூட்டங்களின் விலக்கலாக ஒடுங்கிக் கிடந்தது. அப்படி அடங்கியிருந்தபோது கருவின் நிறையில் அதுவும் சேர்ந்திருந்தது. துண்டுகள் பறந்து, மோதி, சூடாகி, அந்தச் சூடும் வெளியேறியபோது அதற்குரிய நிறையும் உடன் வெளியேறிற்று. ஐந்தில் ஒரு பங்கு எங்கும் அழிந்து போகவில்லை. ஆற்றலோடு புறப்பட்டுப் போயிருக்கிறது.

எதுவும் வெளியேறாத ஒரு பெட்டிக்குள் இந்தப் பிளவு நிகழ்வதாக எண்ணிப் பாருங்கள். பெட்டியைத் தராசில் வைத்தால் முள் அசையாது. சூட்டை வெளியே விட்டால்தான் அசையும். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி இரண்டுமே மறைந்து ஒளியாகும் நிகழ்ச்சி உண்டல்லவா? அங்கே துகள்களே மறைவது மெய்தான். ஆனால் அந்த ஒளியையும் வெளியே விடாத கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தால், அதன் எடையும் மாறாது.

என் அம்மா இளவயதில் அறுவடைக் கூலியாக நெல்லை மரக்காலில் அளந்து வாங்கியவர். அதே நெல்லைக் கடைக்காரர் கிலோவில் நிறுப்பார். மரக்கால் கிலோவாக மாறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. நெல் ஒன்றே, அளவை இரண்டு. நிறையும் ஆற்றலும் அவ்வாறே என்று எனக்குப் படுகிறது. ஒளி வேகத்தின் இருமடி என்பது ஓர் அளவையிலிருந்து மற்றோர் அளவைக்குப் போகும் பெருக்குத்தொகை.

இது அணுவுக்கு மட்டும் உரிய விதியும் அன்று. ஒரு கிலோ நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்றினால் அதன் நிறை ஒரு கிராமில் நூறு கோடியில் ஏறத்தாழ ஐந்து பங்கு கூடுகிறது. ஒரு கிலோ நிலக்கரி எரிந்து சூடு வெளியேறினால் குறையும் நிறை ஒரு கிராமில் பத்து லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம் வேதியியல் ஆய்வுக்கூடத் தராசுக்கு அது எட்டாது. ஆதலால் நிறை மாறவில்லை என்கிறோம். யுரேனியப் பிளவில் ஆயிரத்தில் ஒரு பங்கை நெருங்குவதால் கணக்கில் பிடிபடுகிறது. அடுப்புக்கும் அணு உலைக்கும் சமன்பாடு ஒன்றே.

மாறுகிறது என்று எழுதும் நூல்களைக் குறை கூற நான் துணியவில்லை. சுருக்கமாகச் சொல்ல அது ஒரு வழக்கு. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால், 236 துகள்களும் அப்படியே இருக்கும் உண்மை கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

புகழும் மறுப்பும்

1939 ஜனவரியில் பிரிஷ் தம் சோதனையால் பிளவை உறுதி செய்தார். உயிரணு பிரிவதற்கு வழங்கும் சொல்லையே இதற்கும் இட்டனர். பிப்ரவரியில் நேச்சர் இதழில் அம்மையார், பிரிஷ் இருவர் பெயரிலும் விளக்கம் வெளியானது. ஆனால் 1944ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு ஹான் ஒருவருக்கே என 1945இல் அறிவிக்கப்பட்டது. பேரியத்தைக் கண்டவருக்குப் பரிசு. அது என்னவென்று விளக்கியவருக்கு இல்லை!

போர்க்காலத்தில் அணுகுண்டுப் பணியில் சேருமாறு அழைப்பு வந்தது. அம்மையார் மறுத்துவிட்டார். குண்டு வேலையில் தமக்குப் பங்கு வேண்டாம் என்றார். ஏதிலியாக, போதிய கருவியும் உதவியாளரும் இன்றித் தவித்த நாளில் கூறிய மறுப்பு அது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா எரிந்தபின் செய்தித்தாள்கள் அவரைக் குண்டின் தாய் என்று கூறியபோது மனம் வருந்தினார்.

1966இல் அமெரிக்க நாட்டின் என்ரிகோ பெர்மி பரிசு ஹான், மைட்னர், ஸ்ட்ராஸ்மன் மூவருக்கும் வழங்கப்பட்டது. 1968 அக்டோபர் 27ஆம் நாள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், தொண்ணூறை எட்டச் சில நாள்களே இருந்தபோது அம்மையார் காலமானார். பிராம்லி என்னும் சிற்றூரில் தம் தம்பியின் அருகே துயில்கிறார். மனிதத் தன்மையை என்றும் இழக்காத இயற்பியலாளர் என்னும் பொருள்பட அவர் கல்லறையில் பிரிஷ் பொறித்து வைத்தார். 1982இல் ஜெர்மனியில் ஆக்கப்பட்ட 109ஆம் தனிமத்துக்கு 1997இல் மைட்னீரியம் என்று பெயர் உறுதியாயிற்று. தனிம வரிசை அட்டவணை தொங்கும் ஒவ்வொரு வகுப்பறையிலும், பட்டறை வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண்ணின் பெயர் இன்று உள்ளே இருக்கிறது.

நிறைவாக ஒன்று. இவ்வளவும் படித்தபின் ஒரு நாள் துணிந்து துறை அறையின் வாசலில் போய் நின்றேன். விடைத்தாளை நீட்டி, இந்தக் குறிக்கு என்ன பொருள் ஐயா என்று கேட்டேன். தவறு என்று போட்ட குறி அன்று அது. வந்து கேட்பாயா என்று பார்க்கப் போட்டது என்றார் பேராசிரியர். வருவதற்கு ஏன் ஒரு மாதம் ஆயிற்று என்றும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. நூலகத்தில் கண்டதை அவரிடம் கூறினேன். இரண்டு இடங்களில் திருத்தினார். பிறகு இதையே கல்லூரி மலருக்கு எழுதித் தா என்றார்.

என்னைப் போல் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் தோழிகளே, தோழர்களே! நமக்குத் தெரியவில்லை என்று வெட்கப்பட்டு விழுங்கும் ஐயங்கள் பல, அறிஞர்களும் நின்று யோசித்த இடங்களாகவே இருக்கலாம். தச்சுப் பட்டறையின் தனி வாசல் இன்று நமக்கு இல்லை. வகுப்பறையின் கதவு திறந்தே இருக்கிறது. எழுந்து நின்று கேட்போம்.

வாழ்க லீசே மைட்னர் அம்மையார் புகழ்!